நூல்கிடங்கு வீதியின் இருட்டாத வெள்ளிக்கிழமை

நூல்கிடங்கு வீதியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு இருபதுக்கு நின்றுபோன வெளிச்சம், வீதிக்கு வெளியே ஐம்பத்துமூன்று நாள் கழிந்த பிறகும் நின்ற இடத்திலேயே நின்றது. அது ஏன் நின்றது என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், ஆனால் வசந்தாமணியின் வீட்டுக்காரர் தாமோதரன் ஒரு பட்டன் வாங்கக் கடைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை என்பதை மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

தாமோதரன் கோயமுத்தூரில் ஒரு பம்புசெட் பட்டறையில் ஃபிட்டர். பதினேழு வயதில் காந்திபுரத்து வீடியோ கேம் கடை ஒன்றில், பீரோ மாதிரி வரிசையாக நின்ற பெட்டிகளுக்கு முன்னால், குச்சியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி விமானம் ஓட்டியவர். கடையை மூடி, அந்த இடத்தில் செருப்புக் கடை வந்து, செருப்புக் கடையும் போய், இவருக்குக் கல்யாணமாகி, மீசை நரைத்து, அத்தனைக்குப் பிறகும் அந்தப் பெட்டி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஐம்பது வயதில் தானே ஒன்று செய்வது என்று உட்கார்ந்தார். பிளைவுட்டை அறுத்து ஆளுயரத்துக்கு நிறுத்தி, நெஞ்சில் பழைய டிவியைப் பதித்து, வயிற்றுக்குள் யாரோ தூக்கிப் போட்ட கம்ப்யூட்டரின் உள்சாமான்களை ஸ்க்ரூ அடித்து, உச்சியில் ஒரு லைட்டுப் பலகை மாட்டி, அதில் தன் கையாலேயே ஒரு விமானம் வரைந்தார். அதைக் கத்தரிக்காய் என்று சொல்லாதவள் வீதியிலேயே வசந்தாமணி ஒருத்திதான். அவளுக்கும் அது கத்தரிக்காயாகத்தான் தெரிந்தது, சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியில் எல்லாம் கூடிவந்தது, அதை எழுப்புவதும் தூங்கவைப்பதும்தான் கூடிவரவில்லை. கம்ப்யூட்டருக்குச் சொந்தக் கூடு இல்லாததால் சொந்தப் பட்டனும் இல்லை. அதன் பச்சை சர்க்யூட் பலகையின் ஓரத்தில் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இரண்டு முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டு எடுத்தால் எழுந்துகொள்ளும். முதலில் அந்த முனைகளுக்கு வீட்டு லைட் சுவிட்சைக் கொடுத்துப் பார்த்தார். லைட் சுவிட்ச் போட்டால் போட்டபடி நிற்கிற சாமான், கம்ப்யூட்டரோ தொட்ட கை எடுக்காவிட்டால் மிரண்டு நாலு எண்ணுவதற்குள் செத்துப்போகிற சாமான். தொட்டதும் விட வேண்டும் என்பது அவருக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. நிறுத்துவதற்குப் பிளக்கைப் பிடுங்கினார். இரண்டு முறை உள்ளே இருந்த விளையாட்டெல்லாம் அழிந்துபோய் முதலிலிருந்து சேர்த்தார். கடைசியில் அவர் கண்ட வழி இதுதான்: ஒரே ஒரு பட்டன், தொட்டால் கம்ப்யூட்டர் எழ வேண்டும், அது எழுந்ததும் அதிலிருந்து வரும் கரண்டே ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் ஒன்றை இழுத்து டிவி, ஸ்பீக்கர், உச்சி லைட்டு எல்லாவற்றையும் எழுப்ப வேண்டும், மறுபடி தொட்டால் கம்ப்யூட்டர் தன் வேலைகளை முடித்து நிதானமாகத் தூங்க வேண்டும், அது தூங்கியதும் மற்றதெல்லாம் தானாக அணைய வேண்டும். இதை அவர் சாப்பிடும்போதும் சொன்னார், குளிக்கும்போதும் பாத்ரூமுக்குள்ளிருந்து சத்தமாகச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை அமாவாசை, பட்டறைக்கு லீவு. ஸ்க்ரூ டிரைவரால் தொட்டதும் பெட்டி முதல்முறையாகக் குறையொன்றும் இல்லாமல் எழுந்து, திரையில் விமானம் தானாகப் பறந்து தானாக அடிபட்டு மறுபடி பறந்தது. தாமோதரனுக்குச் சந்தோஷத்தில் கை கால் நிற்கவில்லை, அப்போதே சட்டையை மாட்டினார்.

“ஏனுங், இப்பவே போகோணுமா? மணி ஆறாகப் போகுது” என்றாள் வசந்தாமணி.

“இதா, போனதும் வந்தர்றேன். அந்தக் கேம் கடைல இருந்தாப்புல ஒரு செவப்புப் பட்டன், ஒரு ரிலே, அவ்வளவுதான். பொட்டிய மட்டும் நிறுத்தீராத வசந்தா. பிளக்கப் புடுங்குனா அத்தனையும் போயிரும், நானே வந்து நிறுத்திக்கறேன்.”

“எப்ப வருவீங்க?”

“வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்தர்றேன்” என்று செருப்பைப் போட்டுக்கொண்டே போனார்.

அவள் விளக்கைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருட்டட்டும் என்று உட்கார்ந்தாள். இருட்டவில்லை. ஏழு மணிக்கும் மேற்கே அதே மஞ்சள், ஒன்பது மணிக்கும் சுவரில் அதே வெளிச்சம், விடிகாலை நாலு மணிக்கும் கம்பியில் உட்கார்ந்த காக்கைகள் வீடு திரும்புகிற அதே நினைப்பில் உட்கார்ந்திருந்தன; கடிகாரமெல்லாம் ஓடியது, வெளிச்சம் மட்டும் ஓடவில்லை. வீதி முனையில் பேக்கரியைத் தாண்டினால் ஊருக்கெல்லாம் என்ன பொழுதோ அந்தப் பொழுது, திரும்பி உள்ளே வந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

முதல் இரண்டு நாள் பயந்தார்கள், மூன்றாம் நாள் ஜன்னலில் போர்வை கட்டித் தூங்கக் கற்றுக்கொண்டார்கள். இருட்டியதும் வீட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் வீட்டுக்கு வராமலேயே விளையாட, மில் சங்கு ஊதினால் வரவேண்டும் என்று தாய்மார் சட்டத்தை மாற்றினார்கள். எப்போதும் வெள்ளிக்கிழமையாக இருந்தால் கறி எடுப்பது எப்படி என்று பெரிய பேச்சு நடந்து, கிழமைக்கு வெளியே ஓடுகிற காலண்டர், பொழுதுக்கு மட்டும் வீதியின் வானம் என்று பிள்ளையார் கோயில் முன்னால் முடிவாகி, கோழிக்கடைக்காரர் பிழைத்தார். எதிர்வீட்டு ரங்கநாயகி விற்கிற மல்லிகை அரும்பு விரியவும் இல்லை, வாடவும் இல்லை, அடுத்த வீதியிலிருந்தெல்லாம் வந்து வாங்கினார்கள். அந்த வெளிச்சத்தில் எந்த முகமும் கொஞ்சம் கூடுதலாக லட்சணமாக இருந்ததால், பெண் பார்க்க வருகிறவர்களை எல்லாரும் இந்த வீதிச் சொந்தக்காரர் வீட்டுக்கு வரச்சொன்னார்கள். அப்படி மூன்று கல்யாணம் நிச்சயமானது.

பெட்டிக்கும் வெளிச்சத்துக்கும் தொடர்பு இருப்பது பன்னிரண்டாம் நாள் தெரிந்தது. அன்று மாதாந்திர மின்தடை. வசந்தாமணி வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி இறங்கிக் கத்த ஆரம்பித்ததும் மேற்கே மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு கருக்கத் தொடங்கியது. வீதி முழுக்க வெளியே வந்து வானத்தைப் பார்த்தது, பிறகு அவள் வீட்டைப் பார்த்தது. ரங்கநாயகியின் மகன் தங்கள் வீட்டுப் பேட்டரியைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான், அவன் பின்னாலேயே நாலு வீட்டுப் பேட்டரி வந்தது, மஞ்சள் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு மின்தடை நாளன்று பேட்டரி கொண்டுபோய்க் கொடுப்பது, கோயிலுக்கு எண்ணெய் கொடுப்பது போல, வீதியில் முறைவைத்து நடந்தது.

வசந்தாமணி தேடாமல் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தாள், ஆஸ்பத்திரிகளில் போய் நின்றாள், கடைசியில் அவர் பட்டன் வாங்கப் போன எலக்ட்ரானிக்ஸ் கடையையும் கண்டுபிடித்தாள். கடைக்காரருக்கு ஞாபகம் இருந்தது. “செவப்புப் பட்டன் வாங்குனவருங்களா? அதை அமுக்கி அமுக்கிப் பாத்துட்டே நின்னாருங்க. கெளம்பறப்ப ஏழே கால் இருக்கும்” என்றார். ஏழே காலுக்கு ஊரெல்லாம் விளக்கு வைத்து முடிந்திருக்கும். அவள் பஸ்ஸில் வரும்போதே தனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்: நூல்கிடங்கு வீதியில் இன்னும் விளக்கு வைக்கிற நேரம் வரவில்லை, வராதவரை அவர் சொன்ன சொல் தப்பவில்லை, சொல் தப்பாதவரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே அவள் பெட்டியை நிறுத்தவில்லை, விளக்கையும் ஏற்றவில்லை. மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதுதான் காயில், சுற்றுவது அவள் தொழில். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டியில் விமானம் பறந்து பறந்து விழுகிற சத்தத்தில், எனாமல் கம்பியைச் சுற்றிக்கொண்டே வாசலைப் பார்த்திருந்தாள்.

ஐம்பத்துமூன்றாம் நாள் வெளியே காலை பதினோரு மணி இருக்கும்போது, கட்டம்போட்ட சட்டையும் மஞ்சப்பையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். யாரென்று தெரியவில்லை.

“அக்கா, என்னயத் தெரியலயா?” என்றவர் பைக்குள் கைவிட்டு ஒரு பித்தளை மணியை எடுத்தார். அதைப் பார்த்ததும் தெரிந்தது. குல்பி வண்டி தவசி. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், எட்டு வருடமாக இந்த வீதிக்கு வருகிறவர், ஆனால் அவர் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தவர் வீதியில் ஒருவரும் இல்லை.

“நீயாப்பா? ஏன் இத்தன நாளா இந்தப் பக்கமே காணோம்?”

“தெனமும் வாரேன்க்கா. பேக்கரி வரைக்கும் வண்டிய உருட்டிக்கிட்டு வந்து எட்டிப் பாத்தா, உங்க தெருவுல பொழுது கெடக்கு. சரி, இன்னும் நேரமாகலன்னு திரும்பிருவேன். பொழுதிருக்கையில எனக்கு இங்க என்னக்கா சோலி? நான் இருட்டுனப்புறம் வர்ற ஆளு.” சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து மணியை மடியில் வைத்துக்கொண்டார். “அண்ணனக் காணலைன்னு பேக்கரில சொன்னாக. அதான் பகல்ல வந்து கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்.”

“நீ எங்கியாச்சும் பாத்தியா அவர?”

“நான் எங்கக்கா பாக்க? என்னைக்காச்சும் அவரு நான் இல்லாம தெருவுக்குள்ள வந்திருக்காரா? பஸ்ஸ விட்டு எறங்குவாரு, என் கையில இருக்க மணியப் பிடுங்குவாரு, ஆட்டிக்கிட்டே வருவாரு. அவரும் இருட்டுனப்புறம் வர்ற ஆளுதானக்கா.”

வசந்தாமணிக்குக் கோபம் வந்தது. “வெளக்கு வெக்கறதுக்குள்ள வர்றேன்னு சொல்லீட்டுப் போனாரப்பா.”

தவசி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “தெனமும் அப்பிடித்தானக்கா சொல்லிட்டுப் போவாரு?” என்றார்.

அவர் போன பிறகு அவள் காயிலைக் கீழே வைத்தாள். இருபத்திரண்டு வருடம். தாமோதரன் ஒருநாள், ஒரே ஒருநாள், விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. கல்யாணத்தன்றே முகூர்த்தம் முடிய மூன்று நிமிஷம் இருக்கையில் வந்து தாலி கட்டியவர் அவர். தினமும் எட்டு மணிக்குமேல் வீதி முனையில் மணிச்சத்தம் கேட்கும். தவசி ஆட்டினால் ஒரு அடி, ஒரு இடைவெளி, ஒரு அடி என்று ஒழுங்காகக் கேட்கும், தாமோதரன் ஆட்டினால் மூன்று அவசர அடி, அப்புறம் இழுத்து ஒன்று, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. அதைக் கேட்டதும் அவள் தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். இருட்டில் வருகிற ஒரு மனுஷருக்காக அவள் ஐம்பத்துமூன்று நாளாக வெளிச்சத்தில் காத்துக்கொண்டிருக்கிறாள். அவர் வாழ்க்கையில் ஒருபோதும் வந்து சேராத ஒரு நேரத்தைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு, இன்னும் வரவில்லையே என்று அழுதிருக்கிறாள்.

இது புரிந்தும் மூன்று நாள் அவள் எழுந்திருக்கவில்லை. பெட்டியை நிறுத்தினால் இருட்டும். இருட்டிய பிறகும் அந்த மூன்று அவசர அடி கேட்காவிட்டால்? அப்புறம் காத்திருப்பதற்கு ஒரு பொழுதுகூட மிச்சம் இருக்காது. ஆனாலும் அவரைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

பிளக்கைப் பிடுங்குவதற்கு மனம் வரவில்லை, அவர் சேர்த்ததெல்லாம் அழிந்துபோகும். நிறுத்தினால் அவர் நினைத்த விதமாகத்தான் நிறுத்த வேண்டும். ரிலே என்றால் என்ன, கரண்ட் வந்தால் இரும்பு நாக்கை இழுத்துக்கொள்கிற ஒரு காயில்தானே, காயில் சுற்றுகிறவள் வீட்டில் அதற்கா பஞ்சம். பட்டறையில் கழித்துப்போட்ட சின்ன ஸ்டார்ட்டர் ஒன்றைப் பிரித்து, பழைய சுற்றை அவிழ்த்து, பன்னிரண்டு வோல்ட்டுக்கு இழுக்கிற மாதிரி புதிதாகச் சுற்றினாள். இன்வர்ட்டர் பேட்டரியில் தொட்டுப் பார்த்தாள், டக்கென்று இழுத்தது, எடுத்தாள், விட்டது. கம்ப்யூட்டரிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் ஒயரில் அதைக் கொடுத்தாள். டிவி, ஸ்பீக்கர், உச்சி லைட்டு மூன்றின் பிளக்கையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதன் வழியாகப் போட்டாள்; உச்சி லைட்டு அணைந்து எரிந்த அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு வீதியின் மேற்கு மூலை மங்கித் தெளிய, வெளியே யாரோ “ஐயோ” என்றார்கள். பட்டனுக்கு அவள் கடைக்குப் போகவில்லை. தொட்டதும் தானாக விடுகிற பட்டன் அவள் வீட்டு நிலைக்கதவிலேயே இருந்தது, காலிங்பெல் சுவிட்ச். அதைக் கழற்றி, வருகிறவர் கதவைத் தட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிக்கொண்டே, இரண்டு மெல்லிய ஒயரில் அந்த ஊசிமுனைகளோடு சேர்த்து, கத்தரிக்காய்க்குக் கீழே ஸ்க்ரூ அடித்தாள்.

வீதிக்குச் சொல்லாமல் செய்வது முறையில்லை என்று வாசலில் வந்து சொன்னாள். “இன்னிக்குப் பொழுது சாயும். பொட்டிய நிறுத்தப் போறேன்.”

ரங்கநாயகிதான் முதலில் வாயைத் திறந்தாள். “புதங்கெழம, என்ற புள்ளயப் பொண்ணு பாக்க வாராங்க அம்மிணி. அது வரைக்குமாச்சும்…” என்று ஆரம்பித்தவள் வசந்தாமணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். “சரி போ. என்ற புள்ள லைட்டு வெளிச்சத்துலயும் நல்லாத்தான் இருப்பா” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பரணிலிருந்து விளக்கை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்து அடுத்த வீட்டில் தேய்த்தார்கள், அதற்கடுத்த வீட்டில் தேய்த்தார்கள், வீதி முழுக்கப் புளி வாசனையும் நல்லெண்ணெய் வாசனையும் எழுந்தது. ஜன்னல்களில் கட்டியிருந்த போர்வைகளை அவிழ்த்து மடித்தார்கள். பிள்ளைகள் இருட்டை வேடிக்கை பார்க்க வரிசையாகக் கோயில் படியில் உட்கார்ந்தார்கள்.

வசந்தாமணி பெட்டியின் முன்னால் போய் நின்றாள். திரையில் விமானம் எத்தனையோ ஆயிரமாவது தடவையாக விழுந்து எழுந்தது. தொட்டாள், விட்டாள். திரை ஒரு கணம் யோசித்து, விமானத்தை இறக்கி, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு கருத்தது. உள்ளே காற்றாடி மெல்ல ஓய்ந்தது. அவள் சுற்றிய காயில் டக்கென்று நாக்கை விட, டிவியும் ஸ்பீக்கரும் உச்சி லைட்டும் சேர்ந்து அணைந்தன. தாமோதரன் பாத்ரூமிலிருந்து கத்திச் சொன்ன அதே வரிசையில் எல்லாம் நடந்தது.

வெளியே காக்கைகள் ஒரே நேரத்தில் கம்பியை விட்டு எழுந்து வீட்டுக்குப் போயின. மஞ்சள் சிவந்து, சிவப்பு கருத்து, ரங்கநாயகியின் கூடையில் ஐம்பத்தாறு நாள் அரும்பெல்லாம் ஒன்றாக வெடித்து வீதியே மூச்சு முட்ட மணத்தது. நின்றுபோன அந்த வெள்ளிக்கிழமையின் இருட்டுதான் வந்தது, அமாவாசை இருட்டு, கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு. தெருவிளக்குகள் விட்டு விட்டுக் கண்ணைச் சிமிட்டிப் பார்த்து, பழக்கம் விட்டுப்போய், எரியாமலேயே நின்றன. அப்புறம் ஒரு வீட்டு வாசலில் விளக்கு ஏறியது, அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில், இரண்டு சாரியும் விளக்காகி, வசந்தாமணியின் வாசல் மட்டும் இருட்டாகக் கிடந்தது.

“நீயும் வெளக்கு வெய்யி அம்மிணி” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ரங்கநாயகி சொன்னாள்.

“இருங்கக்கா” என்றாள் வசந்தாமணி. தீப்பெட்டியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள்.

ஏழரை ஆனது. எட்டு ஆனது. பிள்ளைகள் தூக்கம் வந்து ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். எட்டேகால் இருக்கும், பேக்கரிப் பக்கம் வண்டிச் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு மணி. ஒரு அடி, ஒரு இடைவெளி, ஒரு அடி. தவசியின் கை. ஒரு அடி, ஒரு இடைவெளி, ஒரு அடி. வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவுதானா, இதற்காகவா நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டாள். மணி நடுவழியில் நின்றது. வண்டியும் நின்றது. யாரோ யாரிடமோ என்னவோ சொல்வது கேட்டது.

பிறகு மூன்று அவசர அடி, இழுத்து ஒன்று.

விளக்கு விளக்காகத் தாண்டி ஒரு நிழல் வந்தது, மணியை ஆட்டிக்கொண்டே வந்தது, அவள் வாசலுக்கு முன்னால் வெளிச்சம் இல்லாத இடத்தில் வந்து தடுமாறி நின்றது.

“என்ன வசந்தா, இருட்டாக் கெடக்குது? கரண்ட் போயிருச்சா?”

இருட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலம் அவள் கையில் வந்து உட்கார்ந்தது. உள்ளே உருண்டையாக, அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்பும் ஒரு சாமான். பஸ்ஸின் தூசியும் வியர்வையும் கலந்த அவர் வாசனை, கடைக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் திரும்பியவரின் வாசனையாகத்தான் இருந்தது.

“கொஞ்சம் நேரமாயிருச்சோ?” என்றார் தாமோதரன், தினமும் கேட்கிற அதே குரலில்.

வசந்தாமணி தீப்பெட்டியைத் திறந்தாள்.

“இல்லீங்க” என்றாள். “இன்னும் வெளக்கு வெக்கல.”